ஆன்லைன் பாடம் பார்த்து வாட்டர்கலரில் பூ: இதழில் ஏன் காலிபிளவர் விழுகிறது?

கேள்வி, ஜூன் 4

ஆசிரியர் ஈரமான இதழில் பிரஷ் நுனியை வைக்கிறார், நிறம் தானாகப் பரவி அடங்குகிறது. அதே நிறம், அதே எண் பிரஷ், நான் வைத்தால் இதழின் நடுவில் காலிபிளவர் மாதிரி கறை. வீடியோவை நிறுத்தி நிறுத்தித்தான் கூடவே வரைகிறேன், எதையும் விடவில்லை. நிறத்தை மாற்ற வேண்டுமா, பாடத்தையே மாற்ற வேண்டுமா?

ஜூன் 4

இரண்டையும் மாற்ற வேண்டாம். நிறுத்தி நிறுத்திக் கூடவே வரைவதை விட்டுவிடுங்கள்.

வீடியோ நிற்கும், தாளில் ஈரம் நிற்காது. நீங்கள் நிறுத்தி, நிறம் கலக்கி, சந்தேகத்துக்கு ஒருமுறை பின்னால் ஓட்டிப் பார்த்து முடிப்பதற்குள் இதழ் பாதி காய்ந்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் நிறைந்த பிரஷை வைத்தால் புதுத் தண்ணீர் உள்ளே பாயும். இன்னும் ஒட்டிக்கொள்ளாத நிறத் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கும். நீங்கள் சொல்லும் பல் பல்லான கறை அதுதான்.

ஆசிரியருக்கு ஏன் வருவதில்லை? அவருடைய பிரஷில் நிறம் கெட்டி, தண்ணீர் கம்மி. தாளில் இருப்பதைவிட பிரஷில் ஈரம் குறைவாக இருந்தால் நிறம் பரவி அடங்கும், அதிகமாக இருந்தால் காலிபிளவர். அவர் ஒவ்வொரு முறையும் பிரஷைத் துணியில் ஒற்றிவிட்டுத்தான் வருகிறார். அது ஃபிரேமுக்கு வெளியே நடக்கும், அல்லது எடிட்டிங்கில் போய்விடும். ஒருமுறை பூவைப் பார்க்காமல் அவர் கையை மட்டும் பாருங்கள். பேலட்டுக்கும் தாளுக்கும் நடுவில் கை எங்கேயோ காணாமல் போய்விட்டு வரும்.

ஜூன் 4, இரவு

என்ன தாள் என்று கேட்க மறந்தேன். பதில் வந்துவிட்டது: பள்ளி டிராயிங் நோட்டு.

அப்படியானால் முதல் செலவு தாளுக்கு. பிரஷுக்கோ நிறத்துக்கோ போக வேண்டாம். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம், அதாவது தடிமனான தாள்), கோல்ட் பிரஸ் என்ற லேசாகச் சொரசொரப்பான வகை, முடிந்தால் நூறு சதவீதம் பருத்தி. மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பும், தண்ணீர் பள்ளத்தில் தேங்கும், மேடு முதலில் காயும். ஒரே இதழில் ஓர் இடம் குளம், ஓர் இடம் பாலைவனம் என்றால் எந்த ஆசிரியராலும் அதில் வரைய முடியாது.

பருத்தித் தாளில் ஈரம் உள்ளே இறங்கி மெதுவாகக் காயும். யோசிக்க நேரம் கிடைக்கும். மேலே பசை போல ஒரு பூச்சு இருக்கும், பெரும்பாலும் ஜெலட்டின். அதனால் தண்ணீர் உறிஞ்சு தாளில் போல சட்டென்று உள்ளே போய்விடாது. விலை உறுத்துகிறதா? ஒரு தாளை நான்காக வெட்டுங்கள், இரண்டு பக்கமும் வரையுங்கள். பழகும் காலத்தில் உள்ளங்கை அளவுக்கு மேல் பூ வேண்டாம்.

ஜூன் 6

"நான் சாதாத் தாளில்தான் வரைகிறேன், நன்றாகவே வருகிறது" என்று கீழே ஒருவர். படமும் போட்டிருக்கிறார், நன்றாகத்தான் இருக்கிறது. அவர் சொல்வதும் சரி. ஆனால் அவர் வரைவது வேறு வகை.

ஆன்லைனில் பூ என்று தேடினால் இரண்டு உலகங்கள் கலந்து வரும். ஒன்று, காய்ந்த தாளில் பிரஷை அழுத்தி எடுத்து ஒரே வீச்சில் இதழ் போடுவது. பிரஷின் வயிறு அகலமான நடுவைத் தரும், நுனி கூரான முனையைத் தரும். ஐந்து அழுத்தலில் ஒரு பூ. இதற்குப் பெரிய தாள் எதுவும் தேவையில்லை, கைப்பழக்கம் போதும். மற்றது தாவரவியல் பாணி: முதலில் ஈரத்தின் மேல் ஈரமாக ஒரு மெல்லிய பூச்சு, காய்ந்த பின் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று, கடைசியில் கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் நரம்பும் மடிப்பும். மரக்கூழ்த் தாளில் நிறம் மேலாகவே தங்குவதால் இரண்டாம் பூச்சு போடும்போது முதல் பூச்சு கிளம்பி வந்துவிடும். அங்கேதான் தாள் காலை வாரும்.

கேள்வி கேட்டவர் அனுப்பிய இரண்டு பாடங்களையும் பார்த்தேன். ஒன்று அந்த வகை, ஒன்று இந்த வகை. காலையில் ஒருவர் "யோசிக்காமல் போடுங்கள்" என்கிறார், மாலையில் இன்னொருவர் "அவசரப்படாதீர்கள்" என்கிறார். இரண்டு பேரும் சரிதான், ஒரே தாளில் சேர்ந்து இருக்கத்தான் முடியாது. சில வாரங்களுக்காவது ஒருவரிடமே இருங்கள். எந்த வகை என்பது உங்கள் பொறுமையைப் பொறுத்தது. எனக்கு இரண்டாவது. முதல் வகையில் என் பூக்கள் எல்லாம் காற்றாடி போலவே வந்துகொண்டிருந்தன.

ஜூன் 6, சற்று நேரம் கழித்து

பூக்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ரெடூட்டேயின் ரோஜாக்களைப் பார்த்து வரையலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. ஆனால் பார்ப்பது எது என்று தெரிந்துகொண்டு வரையுங்கள். பியர்-ஜோசப் ரெடூட்டே (1759–1840) வரைந்தது வெல்லம் (vellum) என்ற பதப்படுத்திய கன்றுத் தோலில். 1817 முதல் 1824 வரை தவணைகளாக வந்த அவருடைய ரோஜாத் தொகுப்பில் இருப்பவை அந்த ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய அச்சுகள். நுண்ணிய புள்ளிகளாகச் செம்புத் தகட்டில் குத்தி, நிறத்தில் அச்சடித்து, பிறகு கையால் திருத்தியவை. இணையத்தில் அதிகம் சுற்றுவது இந்த அச்சுகள்தான். அந்த வழவழப்பு புள்ளிகளால் வந்தது. அதை ஒரே பூச்சில் எடுக்க முயன்று நொந்துபோகாதீர்கள். நிழல் எங்கே விழுகிறது, இதழ் எங்கே மடிகிறது என்று பார்க்க அவரைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஜூன் 9

ஹேர் டிரையரால் காயவைக்கலாமா என்று கேட்டவருக்கு: இதழில் மினுமினுப்பு போன பிறகு, தள்ளிப் பிடித்து, மெதுவான காற்றில். குளமாக இருக்கும்போது பிடித்தால் நிறம் ஊர்ந்து போகும். மாஸ்கிங் ஃப்ளூயிட் (நிறம் படக்கூடாத இடத்தை மூடி, பிறகு உரித்து எடுக்கும் ரப்பர் திரவம்) போட்ட தாளில் பிடிக்கவே வேண்டாம். சூட்டில் அது தாளோடு ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தாளையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஜூன் 12

இந்த இழையில் இதுவரை எழுதியதைவிட இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளும்.

வீடியோ எடுப்பவர் என்ன செய்கிறார்? கேமராவை நேர் மேலே வைக்கிறார். விளக்குகளை இரண்டு பக்கமும் வைத்து, தாளில் பளபளப்பு விழாதபடி திருப்புகிறார். பளபளத்தால் நிறம் தெரியாது, வெள்ளையாக அடிக்கும். நல்ல வீடியோவுக்கு இது அவசியம். ஆனால் அந்தப் பளபளப்புதான் ஈரத்தின் அளவைக் கண்ணுக்குச் சொல்லும் அடையாளம். வரைபவர் தலையைச் சாய்த்து அதைப் பார்த்துத்தான் அடுத்த பிரஷை எப்போது வைப்பது என்று முடிவு செய்கிறார். பார்ப்பவருக்கு அது போய்ச் சேர்வதே இல்லை. எவ்வளவு கவனமாகப் பார்த்தாலும் பயனில்லை, படத்திலேயே இல்லாததை எப்படிப் பார்ப்பது?

அதனால் இதை வீடியோவை மூடிவிட்டுத்தான் பழக வேண்டும். ஜன்னலோ விளக்கோ எதிரே இருக்கும்படி உட்காருங்கள், தாளைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பாருங்கள். தண்ணீர் பூசியதும் கண்ணாடி போல விளக்கு அப்படியே தெரியும். இது குளம், இப்போது நிறம் வைத்தால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்தால் விளக்கின் உருவம் கலைந்து, பட்டுத்துணி மாதிரி ஒரு மினுக்கு மட்டும் மிஞ்சும். இதழின் அடியிலிருந்து நிறம் மேலே கரைந்து ஏற வேண்டும் என்றால் இதுதான் நேரம். அப்புறம் மினுக்கும் போய்விடும், தாள் மங்கலாக இருக்கும், புறங்கையை அருகே கொண்டுபோனால் குளுமை தெரியும். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். பார்த்தால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். "ஒரு சின்னத் திருத்தம்" என்று பிரஷை வைப்பதும் இப்போதுதான், காலிபிளவர் பூப்பதும் இப்போதுதான். இந்தக் கட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். குளுமை போன பிறகு மறுபடி முழு இதழையும் நனைத்து ஆரம்பிக்கலாம்.

பயிற்சி வேண்டுமென்றால்: பூவெல்லாம் வேண்டாம், இதழ் வடிவத்தில் வரிசையாகச் சில கட்டங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு ஒவ்வொன்றிலும் ஒரு தொடுகை நிறம். கடிகாரத்தைப் பார்க்காமல் மினுக்கைப் பாருங்கள், ஒவ்வொன்றின் கீழும் வைத்தபோது எப்படி இருந்தது என்று பென்சிலில் குறித்துவையுங்கள். ஆசிரியர் சொல்லும் "இரண்டு நிமிடம் காத்திருங்கள்" அவருடைய அறைக்கு, அவருடைய தாளுக்கு. மின்விசிறி ஓடினால் ஒரு கணக்கு, மழை நாளில் ஒரு கணக்கு.

வரைவதாகவே தோன்றாத வேலை, சலிப்பாக இருக்கும். ஆனால் எந்தக் கட்டணப் பாடத்தையும்விட இந்தக் கட்டங்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

ஜூன் 13

மேலே எழுதியதற்கு ஒரு ஒட்டு. படத்தில் இல்லாதது ஈரம் மட்டும் இல்லை, நிறமும் பாதிதான் இருக்கிறது. குறிப்பாக ரோஸ் வகை. கேமரா தானாகவே நிறத்தைச் சரி செய்கிறது, உங்கள் திரை தன் பங்குக்கு ஒன்றைச் செய்கிறது. போதாததற்கு வாட்டர்கலர் காய்ந்தால் வெளிறும். ஈரத்தில் சரியாக இருந்தால் காய்ந்தபின் சப்பென்று இருக்கும். ஈரமாக இருக்கும்போது "கொஞ்சம் ஓவராக இருக்கிறதே" என்று தோன்ற வேண்டும், அதுதான் அளவு.

"ஓப்ரா" என்ற பெயரில் வரும் ஒளிரும் ரோஸ் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். பாடங்களில் எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள், போகன்வில்லாவுக்கு அதைப் போல வேறு எதுவும் வராது. ஆனால் அந்த ஒளிர்வு ஒரு சாயத்தால் வருவது, வெளிச்சத்தில் போய்விடும். நோட்டுக்குள் இருக்கும் படத்துக்குச் சரி. சுவரில் மாட்டவோ யாருக்காவது கொடுக்கவோ வேண்டாம். வேன் கோ 1890-ல் வரைந்த ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிகின்றன, வரைந்தபோது இளஞ்சிவப்பாக இருந்தவை. அது எண்ணெய் வண்ணம்தான், ஆனால் நிலைக்காத சிவப்பு எதில் கரைத்தாலும் நிலைக்காது.

டியூபில் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள். குவினாக்ரிடோன் ரோஸ் என்றால் பி.வி.19. தெளிவானது, நிலைக்கும், கொஞ்சம் நீலம் சேர்த்தால் ஊதா, மஞ்சள் சேர்த்தால் பவளச் சிவப்பு. பழைய அலிசரின் கிரிம்சன் பி.ஆர்.83, மெல்லிய பூச்சில் மங்கும். இப்போது அதே பெயரில் வேறு நிறமி வைத்தும் விற்கிறார்கள், அதனால்தான் குறியீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். சந்தேகமா, ஒரு பட்டை பூசி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிட்டு மறந்துவிடுங்கள்.

ஜூன் 17

வெள்ளைப் பூ.

வெள்ளை நிறம் வாங்காதீர்கள், தாள்தான் வெள்ளை. பாடங்களில் பெரும்பாலும் இதழுக்குச் சாம்பல் கோடு போட்டுக் காட்டுவார்கள், அது வெள்ளைப் பூவாகத் தெரியாது, நிறம் பூச மறந்த பூவாகத் தெரியும். பூவுக்குப் பின்னால் இருப்பதை முதலில் வரையுங்கள். இலைகளின் இருட்டு வந்ததும் பூ தானாக வெளியே வரும். பிறகு நிழல்: அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் ஒரு சாம்பல் கிடைக்கும். வெளிப்பக்கம் திரும்பிய இதழுக்கு நீலம் கூடுதலாக, ஒன்றின் மேல் ஒன்று விழும் உட்பக்கத்துக்குச் சியன்னா கூடுதலாக. நடுவில் மட்டும் மிக மெல்லிய மஞ்சள்-பச்சை. பாதி இதழைத் தொடாமலே விட வேண்டும். கை துறுதுறுக்கும், விடுங்கள்.

மகரந்தத் தண்டு போன்ற நூல் நூலான இடங்களுக்கு மட்டும் மாஸ்கிங். பழைய பிரஷைச் சோப்பில் தோய்த்துவிட்டு அதில் தொடுங்கள், நல்ல பிரஷ் ஒரே தடவையில் செத்துவிடும்.

ஜூன் 21

ஒருவர் வரைந்த செம்பருத்திகள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டிருக்கிறார். நிறம் அருமை, ஓரங்கள் சுத்தம். ஆனால் எல்லாமே ஒரே பூ. அவருடைய ஆசிரியரின் பூ.

ஆன்லைன் பாடத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். பூவைப் பார்க்காமலேயே பூ வரையக் கற்றுக்கொண்டுவிடலாம். செம்பருத்தியை ஒரு நாள் கையில் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அடுத்த இதழுக்கு மேலேயும் மறுபக்கம் இன்னொன்றுக்குக் கீழேயும் போகும், சுற்றிச் சுற்றி ஒரே திசையில். நிழல் எங்கே விழும் என்பதை இந்த ஒழுங்கே தீர்மானித்துவிடும். நடுவில் நீளும் குழாயின் மேல்பகுதியில் மகரந்தப் பைகள், அதன் நுனியிலிருந்து ஐந்து கிளையாகப் பிரியும் சூலகமுடி. அந்தப் படங்களில் நுனியில் மூன்று புள்ளி, சிலவற்றில் ஏழு. ஆசிரியர் வேகமாகத் தட்டிய புள்ளிகளை இவர் பக்தியோடு பிரதி எடுத்திருக்கிறார்.

லில்லியும் அப்படித்தான். ஆறு இதழ் என்று எண்ணி வரைகிறோம், ஆனால் மூன்று உள்ளே, மூன்று வெளியே, இரண்டு அடுக்கு. அகலமும் பெரும்பாலும் ஒன்றாக இருக்காது. அது தெரியாமல் வரைந்தால் நட்சத்திரம்தான் வரும்.

பூவைப் பிய்த்துப் பாருங்கள். ஓர் இதழை மட்டும் வெள்ளைத் தாளில் வைத்து வரையுங்கள், பிறகு பக்கவாட்டில் திரும்பிய பூ. பக்கவாட்டில் இதழ்கள் குறுகித் தெரியும், முன்னால் இருப்பது நமக்கு எதிரே நாக்கு நீட்டும். பாடங்களில் பூக்கள் பெரும்பாலும் நேர் முகம் காட்டுவதற்குக் காரணம் அதுதான் சுலபம் என்பது. செம்பருத்தி அன்றே வாடிவிடும், டியூலிப் வெட்டி வைத்த பின்னும் வளர்ந்து வெளிச்சம் பக்கம் வளையும். மாறக்கூடியதை முதலில் வரைந்துகொள்ளுங்கள், இலை காத்திருக்கும்.

ஜூன் 22

"அப்படியென்றால் ஆன்லைன் பாடமே வேண்டாம் என்கிறீர்களா?"

நான் எங்கே அப்படிச் சொன்னேன். வகுப்பறையில் பின்வரிசையில் நின்று பார்த்தால் ஆசிரியரின் முதுகுதான் தெரியும். வீடியோவில் பிரஷ் நுனி எப்படிப் படுகிறது, விரல் பிரஷின் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, எல்லாம் தெரிகிறது. வேகத்தைப் பாதியாக்கி ஒரே இதழை எத்தனை முறையும் பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வரிசை கற்றுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை: எதை முதலில், எதைக் கடைசியில், எங்கே விட்டுவிட வேண்டும்.

ஆகவே முழுதாக ஒருமுறை பாருங்கள், கையில் பிரஷ் இல்லாமல். வரிசையைச் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். மூடிவிட்டு வரையுங்கள். முடித்த பின் மறுபடி பாருங்கள், இந்த முறை முதலில் கண்ணில் படாதது படும். வேகப்படுத்திய வீடியோக்கள் பார்க்க இனிமை, கற்க உதவாது. வெட்டாமல், காயக் காத்திருக்கும் நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். கறை விழுந்ததை மறைக்காமல், ஈரப் பிரஷால் தேய்த்து எடுத்துக் காட்டுபவர் இன்னும் நல்லவர்.

பாடத்தின் கீழே படம் போட்டால் "அருமை" என்று வரும், அவ்வளவுதான். படத்தைப் புகைப்படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிழல் போதவில்லை. என் பூக்களில் முக்கால்வாசிக்கு இதுதான் நோய், இன்றைக்கும்.

ஜூன் 28

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். இதழ்கள் சுத்தம். இலைதான் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது என்கிறார்.

டியூபிலிருந்து நேராக வந்த பச்சை என்று படத்தைப் பார்த்ததுமே தெரிகிறது. பூவுக்கு உயிரைக் கொடுத்துவிட்டு இலைக்கு வரும்போது களைத்துப்போய் ஒரே பச்சையைப் பூசுகிறோம். பூவுக்குப் பயன்படுத்திய ரோஸையே பச்சையில் ஒரு துளி கலக்குங்கள். பச்சையின் கத்தல் அடங்கும், இலையும் பூவும் ஒரே செடியில் இருப்பது போலத் தெரியும். அல்ட்ராமரைனோடு தெளிவான மஞ்சள் ஒன்றைக் கலந்தால் அடங்கிய பச்சை. தாலோ பச்சை என்ற மிக வீரியமான பச்சை வைத்திருந்தால் பிரஷ் நுனியில் தொட்டாலே போதும், கொஞ்சம் கூடினாலும் பேலட் முழுக்க அதுதான். வழவழப்பான இலையில் வெளிச்சம் விழும் இடம் மஞ்சளாக இருக்காது, வானத்தின் நீலம் அங்கே தெரியும். அங்கே மெல்லிய நீலம் பூசி, காய்ந்தபின் சுற்றிப் பச்சையைக் கொண்டுவாருங்கள்.

காம்பு பூவோடு சேரும் இடத்தை இரண்டும் ஈரமாக இருக்கும்போதே தொட்டுவிடுங்கள். ரோஸ் கொஞ்சம் பச்சைக்குள் இறங்கட்டும். காய்ந்த பிறகு ஒட்டவைத்தால் ஒட்டவைத்தது போலவே தெரியும்.

ஜூன் 28, மறுபடி

பாடம் பார்த்து வரைந்ததில் கையெழுத்துப் போடலாமா என்ற கேள்விக்கு: வீட்டில் வைத்துக்கொள்ள என்றால் போடுங்கள். வெளியே காட்டினால் யாருடைய பாடம் என்று எழுதுங்கள். விற்பதாக இருந்தால் அந்தப் பாடத்தின் விதிகளைப் படியுங்கள், அமைப்பு ஆசிரியருடையது, புகைப்படம் மூன்றாவது ஆளுடையதாகக்கூட இருக்கலாம். சொந்தமாகப் புகைப்படம் எடுத்து, அல்லது பூவையே முன்னால் வைத்து வரைந்தால் இந்தக் கேள்விக்கே வேலையில்லை.

கையெழுத்தைப் பென்சிலில் போடுங்கள். எல்லாம் முடிந்த படத்தில் ஈரப் பிரஷோடு போய், அங்கேயும் ஒரு காலிபிளவர் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.